மூடி இல்லாத டேங்க்

பங்கில் எண்ணெய் போடும்போது டேங்க் மூடியை வண்டியின் கூரைமேல் வைத்துவிட்டு, மறந்து கிளம்பிப் போகாத டிரைவர் உலகத்தில் இருக்க மாட்டார். நானே அப்படி மூடிகளைத் தொலைத்திருக்கிறேன். அதனால் மூடியே வேண்டாத டேங்க் வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் நேற்றிலிருந்து அந்த பிக்கப்பைத்தான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். வண்டிமேல் குறை இல்லை.

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். வெளியே வழக்கமான தகரக் கதவு. அதைத் திறந்தால் திருகி எடுக்க ஒன்றும் இருக்காது. உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு தட்டு, அதை இரண்டு பக்கமும் இரண்டு கொக்கிகள் பிடித்திருக்கும். பங்க் குழாயின் முனை சரியான பருமனில் நுழைந்தால் இரண்டு கொக்கிகளும் ஒரே நேரத்தில் விலகும், தட்டு மடிந்து வழிவிடும். முனையை உருவினால் தானே மூடிக்கொள்ளும். ஒரு பக்கத்தை மட்டும் ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் மறுபக்கம் விடாது. ரப்பர் குழாயைச் சொருகி எண்ணெய் திருட வருகிறவன் வெறும் கையோடு திரும்ப வேண்டியதுதான். வரைந்து காட்டினால் இன்னும் சுலபமாகப் புரியும். பேனா தரமாட்டீர்கள், பரவாயில்லை.

டிரைவர்களுக்கு இது பிடிக்கவில்லை. மண் ரோட்டில் ஓடுகிற வண்டியில் அந்தத் தட்டைச் சுற்றிப் புழுதி அடையும். ஸ்பிரிங் இறுகிக்கொள்ளும். குழாயை அவசரமாக உருவினால் சட்டையில் தெளிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கேனிலிருந்து நேராக ஊற்ற முடியாது. கேனின் மூக்கு அந்தக் கொக்கிகளைத் தள்ளும் பருமன் இல்லை. அதற்காகவே வண்டியோடு ஒரு பிளாஸ்டிக் புனல் கொடுத்திருப்பார்கள். அதன் கழுத்து பங்க் குழாயின் பருமன். சீட்டுக்குப் பின்னால், ஜாக்கிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும். கையில் எடுத்தால் எடையே தெரியாது.

எங்கள் டிப்போவின் வேலை, செல்போன் டவர்களுக்கு டீசல் கொண்டுபோய்ச் சேர்ப்பது. கரண்ட் கம்பி எட்டாத இடங்களில் ஜெனரேட்டரை நம்பி நிற்கும் டவர்கள் அவை. வண்டிகளைப் பார்த்துக்கொள்வது நான். தூரத்து டவர்களுக்கு ஓட்டுவது மாப்பிள்ளை, என் தங்கையின் கணவர். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

டிப்போவில் ஒரு பழக்கம் உண்டு. கிளம்பும்போது வண்டியின் டேங்க்கை யாரும் நிரப்புவதில்லை. பின்னால் கேன் கேனாக டீசல் அடுக்கியிருக்கும்போது பங்க் வரிசையில் போய் நிற்பானேன் என்று, வழியில் எங்காவது நிறுத்தி ஒரு கேனைக் கவிழ்த்துக்கொள்வார்கள். பழைய வண்டிகளில் மூடியைத் திருகினால் போதும். புது பிக்கப் வந்த அன்று நான் மாப்பிள்ளையை அதன் பக்கத்தில் நிறுத்திவைத்து, தட்டு, கொக்கி, புனல், புனல் தொலைந்தால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் விளக்கினேன்.

அவருக்கு விளக்குவது எனக்குப் பிடிக்கும். நான் எதையாவது ஆரம்பித்தால் என் மனைவி அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். என் மகன் காதில் எதையாவது செருகிக்கொள்வான். மாப்பிள்ளை மட்டும்தான் உட்கார்ந்து கேட்பார். எத்தனையோ முறை டவருக்கு நானும் கூடவே போயிருக்கிறேன். கியர் பெட்டி, குளிர்சாதனப் பெட்டி, பூட்டு, கடிகாரம் என்று போகும்போதும் வரும்போதும் பேசியிருக்கிறேன். கொஞ்சம் நிறுத்தினால், "அப்புறம் மச்சான்?" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் வாரம் முழுக்க எதையாவது படித்துவைத்திருப்பேன். ஒரு மனிதனின் பேச்சை இன்னொருவர் கடைசிவரை கேட்பது சாதாரண விஷயம் இல்லை. நீங்கள் இப்போது கேட்கிறீர்கள் என்றால், அது உங்கள் உத்தியோகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் போயிருந்தபோது தங்கை வீட்டில் வாஷிங் மெஷின் ஒழுகியது. பிரித்துப் பார்த்தேன், ரப்பர் வாஷர் போயிருந்தது. கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று பின்வாசல் வழியாகக் கிளம்பினேன். தெருமுனை போவதற்குள் சட்டைப் பையில் ஒரு வாஷர் இருப்பது கைக்குத் தட்டுப்பட்டது. திரும்பி வந்தேன். கூடத்தில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார். ஆனால் அது என் குரல்.

"மூடி இல்லன்னு நெனச்சிராதீங்க மாப்ள. உள்ள ஒரு தட்டு இருக்கு. தட்டுக்கு ரெண்டு கொக்கி. இடது கொக்கிக்கு ஒரு குணம், வலது கொக்கிக்கு ஒரு குணம்."

என் மனைவி சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறியது. தங்கையும் சிரித்துக்கொண்டே, "போதும்ங்க, அண்ணன் வந்துரப் போவுது" என்றாள்.

"வரட்டுமே. வாஷர் எப்படிப் பொறந்துச்சு, அதோட அப்பா அம்மா யாருன்னு கேட்டுட்டு வர நேரமாகும்." மறுபடி சிரிப்பு. "எட்டு வருஷமா தலையாட்டி எனக்குக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். சத்தியமாச் சொல்றேன், ஒரு வார்த்த காதுல ஏறல. ஏறியிருந்தா நான் இந்நேரம் இன்ஜினியரு."

நான் உள்ளே போய் வாஷரை மாட்டினேன். அது ஏன் தேய்ந்தது என்று எல்லோருக்கும் சொன்னேன். மாப்பிள்ளை தலையாட்டினார். "அப்புறம் மச்சான்?" என்றார்.

கோபம் என்று எழுதாதீர்கள். கோபப்பட்டிருந்தால் அன்றே சண்டை போட்டிருப்பேன். எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எட்டு வருஷத்தில் ஒரு வார்த்தையாவது ஏறியதா இல்லையா? நேரில் கேட்டால் ஏறியது என்றுதான் சொல்வார். அதனால் கேட்காமல் தெரிந்துகொள்ள வேண்டும்.

உப்புத் தரைக்கு அப்பால் இருக்கும் கடைசி டவர் நின்றுவிட்டதாகத் தகவல் வந்தது. ஜெனரேட்டர் நின்றால் டவர் செத்துவிடும். டவர் செத்தால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தப் போனும் பேசாது, அதைச் சரிசெய்யப் போகிறவரின் போனும் சேர்த்து. இது பலருக்குத் தோன்றாது. அந்தப் பாதையில் எங்கள் வண்டியைத் தவிர வேறு எதுவும் போவதில்லை. நான் புனலைக் கழற்றி என் மேசை இழுப்பறையில் வைத்தேன்.

காலையில் கிளம்பும்போது அவர் டாஷ்போர்டைத் தட்டினார். "முள்ளு தரையத் தொடுதே மச்சான். போயிருமா?"

"வழியில ஊத்திக்கலாம் மாப்ள. பின்னாடிதான் இவ்வளவு இருக்கே."

"அதுவும் சரிதான். டீசல் மேல உக்காந்துகிட்டு டீசலுக்கு அழுதா ஊரு சிரிக்கும்." கையை ஆட்டிவிட்டுப் போனார்.

நான் கணக்காகத்தான் யோசித்தேன். புனல் இல்லாமல் எப்படி ஊற்றுவது என்பதை அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். காதில் ஏறியிருந்தால் திரும்பி வந்துவிடுவார். ஏறவில்லை என்றால், அவர் சொன்னது உண்மையாகிவிடும். இரண்டில் எது நடந்தாலும் அதை முடிவு செய்வது அவர், நான் இல்லை.

சாயங்காலம் தங்கை போன் செய்தாள். "அண்ணே, அவரு போன் போகவே மாட்டேங்குது. வந்துட்டாரா?"

"டவர் ஆஃப்ல இருக்கும்மா, சிக்னல் இருக்காது. லேட்டாச்சுன்னா அங்கயே ஷெட்ல படுத்துக்குவாரு. இது எப்பவும் நடக்கிறதுதான்."

"ஒரு வண்டிய அனுப்பிப் பாக்க முடியாதாண்ணே?"

தேவையில்லை என்றேன். டவர் எப்படி வேலை செய்கிறது, ஏன் சிக்னல் வராது என்று அவளுக்கு விளக்கினேன். அவள் கடைசிவரை கேட்டாள். அன்று சிரிக்கவில்லை.

மறுநாள் மற்ற டிரைவர்கள் போய்ப் பார்த்ததை நீங்கள் எழுதிவைத்திருக்கிறீர்கள். வண்டி நடுவழியில் நின்றிருந்தது. ஒரு கேன் டீசலைத் தூக்கிக்கொண்டு டவரை நோக்கி நடந்திருக்கிறார். டவரை உயிர்ப்பித்தால் போன் பேசும் என்று தெரிந்திருக்கிறது. போய்ச் சேரவில்லை. உப்புத் தரையில் வெயில் மேலிருந்து மட்டும் வராது, கீழிருந்தும் வரும்.

நீங்கள் காட்டிய படங்களில் ஒன்றை மட்டும் நான் திரும்பக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், நினைவிருக்கும். டேங்க் வாயை அருகில் எடுத்த படம். அதில் அரை அங்குல பைப் துண்டு ஒன்று சொருகியிருந்தது. ஜெனரேட்டர் வயரிங்குக்கு எடுத்துப்போன பைப். முனையைச் சாய்வாக வெட்டி, கல்லில் தேய்த்து வழவழவென்று ஆக்கி, சாய்வு மேலே பார்க்கும்படி சொருகியிருந்தார். சாய்வு மேலே பார்க்க வேண்டும் என்று அவருக்குச் சொன்னது நான் ஒருவன்தான்.

ஒரு வார்த்தைகூட விடாமல் கேட்டிருக்கிறார்.

ஆனால் தட்டு திறக்கவில்லை. கீழே மண்ணெல்லாம் டீசல். பலமுறை ஊற்றிப் பார்த்திருக்கிறார். காரணம் எளிமையானது. பெட்ரோல் குழாயின் முனை ஒல்லி, டீசல் குழாயின் முனை தடிமன். டீசல் வண்டியில் யாரும் தவறிப்போய் பெட்ரோலைப் போட்டுவிடக் கூடாது என்று, ஒல்லி முனைக்குக் கொக்கிகள் விலகாதபடி செய்திருப்பார்கள். அரை அங்குல பைப் பெட்ரோல் முனையின் பருமன். வண்டியோடு வந்த கையேட்டில் இரண்டு ரகத்துக்கும் சேர்த்து ஒரே பக்கம் போட்டிருந்தார்கள். நான் பெட்ரோல் ரகத்துக்கான மேல் வரியைப் படித்துவிட்டு, அரை அங்குல பைப் போதும் என்று அவருக்குச் சொல்லிவிட்டேன். சின்னத் தவறு, யாருக்கும் வரும். கேட்டவர் ஒரு சந்தேகம் கேட்டிருந்தால் அன்றே திருத்தியிருப்பேன்.

நீங்கள் தலையைக் குனிந்துகொள்கிறீர்கள். நான் சொல்வதை யோசித்துப் பாருங்கள். இத்தனை வருஷம் அத்தனையும் கேட்டு மனதில் வைத்துக்கொண்டு, ஒன்றுமே ஏறவில்லை என்று என் மனைவியிடமும் தங்கையிடமும் சத்தியம் செய்து சிரிக்கவைத்திருக்கிறார். கேட்காதவரை மன்னித்துவிடலாம். இவர் என்னை ஏமாற்றியிருக்கிறார். துரோகம் என்றால் இதுதான். எழுதிக்கொள்ளுங்கள்.

புனலை எடுத்தது நான். தேட வண்டி அனுப்பாதது நான். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன். ஆனாலும் அது ஒரு பரீட்சைதான், வேறு எந்த எண்ணமும் எனக்கு இல்லை.

நீங்கள் மறுபடி மறுபடி கேட்பது வண்டியில் இல்லாமல்போன அந்தத் தண்ணீர் கேனைப் பற்றி. அது புனலுக்குப் பக்கத்தில், சீட்டுக்குப் பின்னால் இருக்கும். வண்டியை நிறுத்தும்வரை யாரும் அங்கே திரும்பிப் பார்ப்பதில்லை. அடியில் பாசி பிடித்திருந்தது. கழுவத்தான் இறக்கினேன். அவர் கிளம்புவதற்கு முன்பே நன்றாகக் கழுவி, நிரப்பி, என் மேசைக்கு அடியில் நிழலாக வைத்திருந்தேன். அன்று டிப்போவிலேயே வெயில் தாங்க முடியவில்லை. சாயங்காலம்வரை நான் அதிலிருந்துதான் குடித்தேன்.