தோல் உரிக்காத பாதாம்

ஸ்டமாட்டிஸ்: கோயில் வாசல்ல நிக்கிற என்னைப் பார்த்து, தள்ளி நில்லுங்கன்னு கையைக் காட்டுறா ஒருத்தி. அவ எடுக்கிற படத்துல நான் விழுறேனாம். கடல்ல குளிச்ச ஈரத்துணியோட மலை ஏறி வந்திருக்கா. இந்தக் காலத்து ஜனங்களுக்கு சாமியும் ஒண்ணு, சுவரும் ஒண்ணு.

கலிரோயி: தள்ளி நின்னீங்களா அத்தான்?

ஸ்டமாட்டிஸ்: நல்லா நடுவுல போய் நின்னேன்.

கலிரோயி: அதானே. எங்க அக்கா உங்களோட எப்படித்தான் இத்தனை வருஷம்...

ஸ்டமாட்டிஸ்: கதவைத் திற. ஜன்னல் விளக்குக்கு எண்ணெய் ஊத்தணும்.

கலிரோயி: உள்ள... பாதிரியார் பூசையில இருக்காரு. எண்ணெயைக் குடுங்க, நானே ஊத்திடுறேன்.

ஸ்டமாட்டிஸ்: நீ ஊத்துவ. பாதி விளக்குக்கு, பாதி உன் கீரைக்கு.

கலிரோயி: ஆமா, சாமி எண்ணெயைத் திருடித்தான் இப்படி ஊதிக் கிடக்கேன்.

ஸ்டமாட்டிஸ்: வெளிச்சம் கடல் வரைக்கும் தெரியணும். எம் மகன் ஆர்கிரிஸ் படகைத் திருப்பினா...

கலிரோயி: இந்தத் துறையில பொறந்த பிள்ளை அத்தான். துறை தெரியாதா அவனுக்கு?

ஸ்டமாட்டிஸ்: தெரிஞ்சா வந்திருப்பானே.

கலிரோயி: வாசல்ல நிக்காதீங்க அத்தான், காத்து அடிக்குது.

ஸ்டமாட்டிஸ்: என்ன வாசனை இது? பட்டை... செத்தவங்களுக்குப் படைக்கிற கோதுமை வேகவச்சிருக்கு. செத்தது யாரு?

கலிரோயி: பழைய சாவுதான்... பரஸ்கெவாஸ் கிழவரோட நினைவுப் பூசை. ஏதென்ஸ்ல இருந்து பேரனுங்க வந்திருக்கானுங்க.

ஸ்டமாட்டிஸ்: உயிரோட இருந்தப்ப எட்டிப் பார்க்காத பயலுக. சரி, உன் கையில இருக்கிற பொட்டலத்துல ஒரு பிடி குடு.

கலிரோயி: வேணாம் அத்தான், உங்க பல்லுக்கு...

ஸ்டமாட்டிஸ்: செத்தவன் கோதுமையை மறுக்கக் கூடாது. குடு. கடவுள் அவனை மன்னிக்கட்டும்... ம்... மாதுளை... சர்க்கரை...

கலிரோயி: என்ன அத்தான், நிறுத்திட்டீங்க?

ஸ்டமாட்டிஸ்: பாதாமுக்குத் தோல் உரிக்கல.

கலிரோயி: அவசரத்துல மறந்திருப்பாங்க...

ஸ்டமாட்டிஸ்: இந்த ஊர்ல தோலோட போடுறவ ஒருத்திதான். மகனுக்கு அப்படித்தான் பிடிக்கும்னு. உன் அக்கா தெஸ்பினா உள்ள இருக்காளா?

கலிரோயி: ...இருக்கா. இப்பத்தான் செத்தவங்களோட சேர்த்து ஆர்கிரிஸ் பேரையும் வாசிச்சாங்க. அக்கா தூங்குறதே இல்ல அத்தான். ஒரு பிடி கோதுமை இல்லாம பிள்ளை பசியோட அலையுறான்னு அழறா. உங்களுக்குத் தெரிய வேணாம்னு...

ஸ்டமாட்டிஸ்: உயிரோட இருக்கிறவனுக்கு வேகவச்சா அவன் ஆயுசு போகும். என்னையும் தின்ன வச்சிட்டீங்க. மன்னிக்கட்டும்னு என் வாயாலயே சொல்ல வச்சிட்டீங்க.

கலிரோயி: உள்ள வந்து அவ பக்கத்துல நில்லுங்க. பேச வேணாம், நின்னா போதும்.

ஸ்டமாட்டிஸ்: மாட்டேன்.

கலிரோயி: உங்களையும் குத்தம் சொல்ல முடியாது. ஒரு பலகை, ஒரு துணி... ஏதாவது கரை ஒதுங்கியிருந்தா மனசு ஒத்துக்கிட்டிருக்கும்.

ஸ்டமாட்டிஸ்: ஒதுங்குச்சு.

கலிரோயி: என்ன சொல்றீங்க?

ஸ்டமாட்டிஸ்: அவன் கம்பளிச் சட்டை. ஈஸ்டருக்கு முன்னாடி, இந்த மலைக்குக் கீழ பாறை இடுக்குல. முழங்கையில தெஸ்பினா போட்ட சிவப்பு ஒட்டு இருக்கு. கிடங்குல, பழைய வலைக்கு அடியில வச்சிருக்கேன்.

கலிரோயி: மாதாவே... அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம... அத்தான், எங்க போறீங்க? அந்தப் பக்கம் பாதை இல்ல.

ஸ்டமாட்டிஸ்: வெளியில இருந்தே விளக்குக்கு ஊத்திக்கிறேன். சட்டைதானே கலிரோயி... நீந்திக் கரையேறப் பார்க்கிறவன், கனமான துணியைக் கழட்டித்தான் போடுவான்.