லிஃப்ட் கண்ணாடியில் ஓர் ஒத்திகை

...சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, இந்த அடுக்ககத்தின் குடியிருப்போரே, என் குறைகளைத் தேதியோடு சொல்லிவிடுகிறேன்.

1. ஜூன் 8: குழந்தைகளின் பாதுகாப்புக்காக என்று கூறி லிஃப்டில் கேமரா பொருத்தினீர்கள்.

2. ஜூலை 13: அதன் பதிவை யார் பார்க்கலாம் என்று விதி வகுக்கக் கேட்டேன். "சார், நம்ம ஆளுங்கதானே பாக்கப்போறோம்!" என்றார் செயலாளர். கூட்டம் சிரித்தது.

3. ஆகஸ்ட் 17: ... இதைக் குறையாகச் சொல்ல எனக்கு நா எழவில்லை. கதையாகச் சொல்கிறேன். சிறியதுதான், உட்கார்ந்து கேளுங்கள்.

ஒரு பெண். வேதியியல் ஆசிரியை. வசுமதி என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் உங்கள் எல்லோருக்கும் தெரியும். என் மனைவியிடம் அழுதபடி அவர் சொன்னதை, அவர் ஒப்புதலோடுதான் இங்கே சொல்கிறேன். வயது நாற்பத்தாறு. மணமுறிவுக்குப் பிறகு நெடுங்காலத் தனிமை. அன்று மாலை, கதிரேசன் என்பவரை முதன்முறையாகத் தனியே சந்திக்கப் புறப்படுகிறார். ஒரு காபி... அவ்வளவுதான்.

காலையிலிருந்தே அவருக்குக் கை ஓடவில்லை. நீலச் சேலை கட்டினார். பள்ளிக்கூடம் போவதுபோல் இருக்கிறதென்று அவிழ்த்தார். பட்டு கட்டினார், கல்யாணத்துக்குப் போவதுபோல் இருக்கிறதென்று அதையும் அவிழ்த்தார். மறுபடி நீலமே வென்றது. எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, பூ வெச்சா... ரொம்ப ஆசைப்பட்டு வந்த மாதிரி தெரியுமா?"

"ஆசைப்பட்டுத்தானேடி போற? வெச்சுக்க!" என்றாள் என் மனைவி.

லிஃப்டில் ஏறினார். கதவு மூடியது. தனியாக இருப்பதாக நினைத்தார்! கண்ணாடியைப் பார்த்து, "வணக்கம்... ரொம்ப நேரமா காத்திருக்கீங்களா?" சரியில்லை. "ஹலோ... வந்து நேரமாச்சா?" இன்னும் மோசம். பூவை எடுத்துக் கைப்பையில் போட்டார்... மறுபடி எடுத்துச் சூடினார்... தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டார். எத்தனை காலத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு அது? உங்களில் யாருக்காவது தெரியுமா?

கீழே காவலர் அறைத் திரையில் ஒருவர் அதைப் பார்த்தார். கைப்பேசியில் படம்பிடித்தார். நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

"மேடம் டேட்டிங் போறாங்க டோய்!"

"பூ வேணுமா வேண்டாமா, ஓட்டெடுப்பு வெச்சிடலாமா?"

"மாப்பிள்ளை சாருக்குக் கண்ணு தெரியும்தானே?"

ஒன்றை மட்டும் எவரும் நினைக்கவில்லை. அந்தக் குழுவில்... வசுமதியும் இருக்கிறார்.

அங்கே காபி வந்தது. பதற்றத்தில் கதிரேசன் சர்க்கரையை அள்ளிப் போட்டுவிட்டு, "அடடா, பாயசமாயிடுச்சுங்க!" என்றார். இருவரும் சிரித்தார்கள். அப்போது வசுமதியின் கைப்பேசி அதிர்ந்தது... மறுபடி அதிர்ந்தது... எடுத்துப் பார்த்தார். மெல்லக் கையை உயர்த்தினார். தலையிலிருந்த பூவை எடுத்து, மேசைக்குக் கீழே மறைத்துக்கொண்டார்.

"உடம்பு சரியில்லைங்க... நான் கிளம்பறேன்."

"நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

எழுந்து வந்துவிட்டார். பிறகு வந்த அழைப்புகளையும் அவர் எடுக்கவில்லை. என்னவென்று சொல்லி எடுப்பார்?

இதன் பொருளை விளக்கத்தான் வேண்டுமா? விளக்குகிறேன். ஒரு மனுஷி பயந்து பயந்து தன் மகிழ்ச்சியை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார். அதை வேடிக்கையாக்கியவர்கள் பட்டம் பெற்றவர்கள்... மகள்களைப் பெற்றவர்கள்! வெட்கப்பட வேண்டியவர் யார்? இன்று யார் கண்ணிலும் படாமல் படிக்கட்டில் ஏறிப்போகிறவர் யார்? உங்களோடு ஒரே வாசலில் நுழைவதற்கே எனக்குக் கூசுகிறது.

குழுவிலிருந்து அழித்துவிட்டோம் என்று சொல்லாதீர்கள். படமெடுத்தவரும், கேலி எழுதியவர்களும், சிரிப்புப் பொம்மை போட்டவர்களும், பெயரும் கையெழுத்துமாக, அவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும். ஆகஸ்ட் 31, ஞாயிறு, மாலை ஆறு மணிக்குள். பிரதி ஒன்று கதிரேசனுக்கும் போக வேண்டும். தன் மீது எந்தத் தவறும் இல்லை என்பது அந்த மனிதருக்கு இன்னும் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.