பேசாமல் நின்ற பெண்ணுக்காக ஒரு வாயாடியின் வேண்டுகோள்

மேடையின் நடுவே அமர்ந்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரு நொடி கூடினாலும் மணியடிக்கக் காத்திருக்கும் பள்ளிக் குழுத் தலைவர் ஓப்பல் கிரிம்ஸ் அம்மையார் அவர்களே, அவருக்கு இருபுறமும் அரணாக அமர்ந்திருக்கும் உறுப்பினர்களே, ஊரார் உள்ளம் அறிந்த போதகர் லெமுவேல் ஸ்ட்ரிக்லண்ட் அவர்களே, முன்வரிசையில் முகம் சிவந்திருக்கும் பெரியோர்களே, பின்மேசையில் பீச் பழக் கேக்கைத் துணி போட்டு மூடிவைத்து எங்கள் பொறுமையைச் சோதிக்கும் தாய்மார்களே, தினமும் காலையில் பள்ளி ஒலிபெருக்கியில் உங்கள் பிள்ளைகளின் தூக்கத்தைக் கலைக்கும் டோபின் ஹாஸ்கலின் மாலை வணக்கம்.

யார் அங்கே, "ஐயோ, இவனா" என்றது? ஆம் மாமா, இவனேதான். ஆசிரியர் அறைக் காப்பி மெஷினில் "இனி இது குரலுக்கு மட்டுமே இயங்கும்" என்று எழுதி ஒட்டி, படித்த பெருமக்களை அரைநாள் மெஷினிடம் கெஞ்சவைத்தவனும் இவனேதான். கணக்கு வாத்தியார் அதனிடம் "ப்ளீஸ்" என்று சொன்னதை இந்தக் காதால் கேட்டேன்.

இன்றிரவு நீங்கள் வாக்களிக்கப் போவது எதற்கு? ஜெபத்தை அவமதித்தாள் என்று ஊரார் கையெழுத்திட்டுக் கொடுத்த மனுவின்படி, லிடியா பென்னக்கைப் பள்ளி வாத்தியக் குழுத் தலைமையிலிருந்து நீக்குவதற்கு. சனிக்கிழமை மாநிலப் போட்டி. அதில் அவள் குழுவை நடத்துவதைப் பார்த்த பிறகுதான் கல்லூரி அவளுக்கு இடம் கொடுக்கும். உங்கள் கை உயர்ந்தால் அவள் கனவு கவிழும்.

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். பள்ளிக் கால்பந்தாட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில் ஜெபம் கூடாது என்றது நீதிமன்றம். நம் ஊர் நிறுத்தியதா? நிறுத்துகிற ஊரா இது? "வரவேற்புரை" என்று பெயர் மாற்றியது. விருப்பமுள்ள மாணவர் தன் பெயரைச் சீட்டில் எழுதிப் பழைய காப்பி டப்பாவில் போட வேண்டும். வியாழன் மதியம் கிரிம்ஸ் அம்மையார் ஒன்றை எடுப்பார். அந்தப் பிள்ளை வெள்ளிக்கிழமை மைக்கில் எதை வேண்டுமானாலும் பேசலாம் என்பது விதி. எதைப் பேச வேண்டும் என்பது ஊருக்கே தெரியும்.

நான் இதைக் கேலி செய்யவில்லை. போன வருடம் என் அண்ணன் ஆட்டத்தில் விழுந்து தோள் எலும்பு முறிந்து கிடந்தபோது, இந்த ஊரே தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றது. என் அம்மாவின் கையை, எங்களுக்குப் பெயர்கூடத் தெரியாத ஒருவர் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை நான் மறப்பேனா? மறக்க மாட்டேன்.

ஆனால் டப்பாவில் லிடியாவின் பெயர் எப்படி வந்தது? அவள் போடவில்லை. போட்டது நான்.

சலசலக்காதீர்கள், இன்னும் இருக்கிறது. மூன்று வருடமாக என் நகைச்சுவைக்கு ஒருமுறைகூடச் சிரிக்காதவள் அவள் ஒருத்திதான். மைக்கின் முன் அவள் குரல் நடுங்குவதைக் கேட்க வேண்டும் என்ற அற்ப ஆசை எனக்கு. அவள் பெயர் விழுந்ததும், அந்தச் சீட்டோடு என் சாப்பாட்டு மேசைக்கு வந்தாள்.

"டோபின், இது உன் கையெழுத்து மாதிரி இருக்கே?"

"ஊர்ல பாதிப் பேர் கையெழுத்து இப்படித்தான் கோழி கிண்டின மாதிரி இருக்கும்," என்றேன்.

"சரி விடு. கூப்பிட்டாச்சு, போறேன். எங்க வீட்ல எப்படியோ அப்படிப் பண்றேன்."

அவள் வீட்டில் எப்படி என்று நான் கேட்டேனா? நீங்கள் யாராவது கேட்டீர்களா? அவர்கள் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். ஞாயிறு காலை அவர்கள் கூடும் கூடத்தில் போதகர் இல்லை, பாட்டு இல்லை. ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் அமர்ந்திருப்பார்கள். அதுதான் அவர்களின் ஜெபம்.

வெள்ளிக்கிழமை அவள் மைக்கின் முன் நின்றாள். கண்ணை மூடினாள். பேசவில்லை. பத்து நொடி. இருபது நொடி. "மைக் செத்துப்போச்சாப்பா?" என்றது ஒரு குரல். "ஏம்மா, பாடம் மறந்துட்டியா?" என்றது இன்னொன்று. நாற்பதாவது நொடியில் கூச்சல். அவள் அசையவில்லை. ஒரு நிமிடம் முடிந்ததும் "நன்றி" என்று சொல்லிவிட்டு, வாத்தியக் குழுவை நடத்தும் முரசுக் கோலை எடுத்துக்கொண்டு தன் வரிசைக்குப் போனாள். அவள் குரல் நடுங்கவில்லை.

அந்த ஒரு நிமிடத்தில் அவள் ஜெபத்தை அவமதித்தாளா, ஜெபத்துக்கு அழைத்தாளா? இதைப் போதகரிடமே கேட்டேன். அவர் சொன்னதை இங்கே சொல்ல அனுமதியும் வாங்கியிருக்கிறேன்.

"டேய், உண்மையச் சொல்லவா? பசங்க மைக்ல ஜெபம் பண்ணும்போதெல்லாம், எங்க திக்கப் போறானோன்னு பயந்துட்டே கேப்பேன். ஆமென் சொன்னதும் வாட்ச்சப் பாப்பேன். அன்னைக்கு அந்தப் பொண்ணு பேசாம நின்னப்ப, செத்துப்போன என் தம்பி ஞாபகம் வந்துட்டான். நானா ஜெபம் பண்ணேன்டா. கத்துனாங்களே, அது அப்புறந்தான் காதுல விழுந்துச்சு."

"இத ஏன் பாஸ்டர் யார்கிட்டயும் சொல்லல?"

"மனுல மொதக் கையெழுத்து என்னுதுடா."

தலை குனியாதீர்கள் ஐயா. டப்பாவில் விழுந்த சீட்டில் இருந்த கையெழுத்து என்னுடையது. நாம் இருவரும் ஒரே படகில்தான் ஓட்டை போட்டிருக்கிறோம்.

பெரியோர்களே, ஒலிபெருக்கிக்கு வாய் ஒன்று. இந்த ஊருக்கோ நெஞ்சு நாலாயிரம். ஒரு வாய் ஜெபித்தால் நாலாயிரம் நெஞ்சும் கேட்டுக்கொண்டிருக்கும். அந்த வாய் மூடியபோது, போதகரின் நெஞ்சு திறந்தது. உங்களில் இன்னும் எத்தனை பேருக்குத் திறந்தது? கை தூக்க வேண்டாம். அது உங்களுக்கும் ஆண்டவருக்கும் இடையில்.

தண்டனை வேண்டுமா? வாருங்கள், இதோ இருக்கிறேன். காலை அறிவிப்பை என்னிடமிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குவார்கள். ஆனால் சனிக்கிழமை முரசுக் கோல் லிடியாவின் கையில் இருக்கட்டும். லிடியா, கதவோரம் நிற்கிறாய், தெரிகிறது. மன்னித்துவிடு. இதற்கும் சிரிக்க வேண்டாம்.

கிரிம்ஸ் அம்மையார் அவர்களே, என் நேரத்தில் இன்னும் ஒரு நிமிடம் மிச்சம். கேட்ட காதுகளுக்கும், பொறுத்த பெரியோருக்கும், கேக்கைக் காத்த தாய்மார்களுக்கும் இப்போதே நன்றியும் வணக்கமும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் மிச்சமுள்ள நிமிடத்தை லிடியா வீட்டு முறைப்படி செலவிடப் போகிறேன். பிறந்ததிலிருந்து நான் விழித்துக்கொண்டே வாய் மூடும் முதல் நிமிடம் இது. யாருக்கு என்ன வேண்டுமோ, யாரிடம் வேண்டுமோ, கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாதவர்கள் சும்மா இருங்கள். அதன் பிறகு வாக்களியுங்கள்.

முடிந்ததும் மணியடியுங்கள், அம்மா.