எழுத்து வராத ஒன்பது செகண்டு

– இந்த ஒரு இடத்துல மட்டும் கீழ எழுத்து வரல, ரஞ்சனி தங்கச்சி. போனைப் பாரு.

– எங்கீங்க இருளப்பண்ணா? எஸ்டேட் வெப்சைட்ல இருக்கற மொத்த வீடியோவுக்கும் நான்தானுங்களே உக்காந்து டைப் பண்ணுனேன்.

– கம்ப்யூட்டரப் பாத்துப் பேசாத. உன் உதடு தெரிஞ்சாத்தான் எனக்கு வெளங்கும்.

– அய்யோ, மறந்துட்டேனுங்க. எந்த எடம்னு கேட்டேன்.

– பெல்ட்ட நிறுத்தாம கை வைக்கக் கூடாதுன்னு இஞ்சினியர் சொல்றாரு. எழுத்து வருது. அப்புறம் ஒன்பது செகண்டு சும்மா கெடக்கு.

– அது மிஷின் சத்தமுங்கண்ணா. வேற ஒண்ணுமில்ல.

– மிஷின் சத்தத்துக்கு மொத்தப் பேரும் சிரிப்பாங்களா? கூட வேலை பாக்குற விஜயா வயித்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா. நடுவுல பாரு, நானும் சிரிக்கிறேன்.

– ஏதோ சும்மா பேச்சுங்க. பாடத்துக்கு வேண்டாததுன்னு விட்டுட்டேன்.

– வேணுமா வேண்டாமான்னு பாக்குறவன்தானே சொல்லணும்? ரோலர் ரூம்ல மிஷின் சத்தத்துல இருபத்தாறு வருஷம் நின்னு காது போச்சு. இந்த வீடியோவப் பாத்துப் பரிட்சை பாஸ் பண்ணினாத்தான் மிஷின்ல விடுவோம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. எழுத்துப் போடுங்கன்னு நாலு மாசமா அலைஞ்சேன். ஒருத்தன் காதுல வாங்கல. நீதான் போட்டுக் குடுத்த. உன்னப் பத்தி நான் பெருமையாச் சொல்லாத ஆளே இல்ல.

– அப்படியெல்லாம் சொல்லாதீங்கண்ணா. கூச்சமா இருக்குது.

– திங்கக்கெழம பரிட்சை. அந்த இடத்துல கேள்வி வந்தா என் வேலை போயிரும்.

– வராதுங்க. சத்தியமா வராது.

– மருதாயிக்குப் போட்டுக் காட்டினேன்.

– அக்கா பாத்தாங்களா? என்னங்க சொன்னாங்க?

– எம் புருஷன் டிவி நடிகராட்டம் நிக்கிறாருன்னு கேலி பண்ணிக்கிட்டே பாத்தா. அந்த இடம் வந்ததும் எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா. என்னடி சொன்னாங்கன்னு கேட்டா, பாலு பொங்குதுங்கிறா. போய்ப் பாத்தேன். அடுப்பே பத்த வைக்கல. ஏன் தங்கச்சி, உனக்குக் கண்ணு கலங்குது?

– ஒண்ணுமில்லீங்க.

– சொல்லிரு. எதுவா இருந்தாலும் சொல்லிரு.

– ‘இருளப்பனுக்குச் சொல்லி என்னத்துக்கு? பூம்பூம் மாடு. கை பெல்ட்ல மாட்டுனாலும் தலைய ஆட்டிட்டுத்தான் நிக்கும்.’ அப்படின்னுங்க.

– பூம்பூம் மாடா.

– மன்னிச்சிருங்கண்ணா. படிச்சா மனசு ஒடஞ்சிருவீங்கன்னுதான் எழுதல.

– நான் அதுக்கும் தலைய ஆட்டிச் சிரிச்சிருக்கேன் பாரு. நாலு பேரு சிரிக்கையில நாம மட்டும் உம்முன்னு நின்னா, காது கேக்கலன்னு தெரிஞ்சிருமேன்னு சிரிச்சிருவேன். எப்பவும் அப்படித்தான். இப்ப நெனச்சா மானமே போகுது. யாரு சொன்னது?

– இஞ்சினியர் சாருங்க.

– பொய் சொல்லாத. அவரு வாயே அசையல. எத்தனை தடவை ஓட்டிப் பாத்துட்டேன்.

– அப்ப ரமேஷ்குமாரா இருக்குமுங்க. கூட்டத்துல யாரோ...

– கூட்டத்துல ஒருத்தர் வாயும் அசையல, தங்கச்சி. காது இல்லாதவன் வேற என்னத்தப் பாப்பான்? சிரிக்கிறதுக்கு முன்னால அத்தனை பேரும் ஒரே பக்கம் திரும்புறாங்க. நேரா கேமராவப் பாக்குறாங்க. பாத்துட்டுத்தான் சிரிக்கிறாங்க.

– அண்ணா...

– கேமராவுக்குப் பின்னால நின்னது யாரு?

– நாந்தானுங்கண்ணா.