ஊதா டார்ச்சும் வெள்ளைச் சட்டையும்

ஐயோ தம்பி, அதைக் கண்ணுக்கு நேரா புடிக்காதீங்க. எரியலையேன்னு உள்ள எட்டிப் பாக்குறீங்க பாருங்க, வர்றவங்க எல்லாரும் செய்யுற முதல் வேலை இதுதான். எரியுது. புற ஊதா வெளிச்சம், உங்க கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான். இந்தாங்க, இந்த மஞ்சக் கண்ணாடியை மாட்டிக்கோங்க. சோதிச்சு வெச்சதுதான். எப்படின்னா, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டார்ச்சு, அந்தப் பக்கம் வெள்ளைப் பேப்பரு. பேப்பரு நீலமா மினுங்குச்சோ, கண்ணாடியைக் குப்பையில வீசிரணும். நாலு வாங்கினா மூணு அந்த லட்சணம்தான்.

இப்படி வாங்க. பாத்ரூம்தான், கூச்சப்படாதீங்க. பகல்ல இந்த வீட்டுல இருட்டு கிடைக்கிற இடம் இது ஒண்ணுதான். ஜன்னலுக்கு அட்டை அடிச்சு வெச்சிருக்கேன். பக்கத்து வீட்டுக்காரி பாத்துட்டு, ஏங்க, குளிக்கிறதுக்கா இம்புட்டு பந்தோபஸ்துன்னு கேக்குறா. வாய்க்கொழுப்பு. காலைப் பாத்து வைங்க, வாளி கிடக்கு.

கடையில வாங்கி ஏமாந்துட்டேன்னு போன்ல சொன்னீங்களே, அது நல்லா பளபளன்னு ஊதாவா எரிஞ்சிருக்குமே? அதான் சங்கதி. கண்ணுக்கு எவ்வளவு பளபளப்போ அவ்வளவு மட்டமான சரக்கு. அசல் வெளிச்சம் அடக்கமா வரும். பட்ட பொருளைத்தான் எரிய வைக்கும், தன்னைக் காட்டிக்காது. நான் என்ன பண்ணுவேன்னா, உள்ள இருக்குற எல்.இ.டி.யைப் பேத்து எடுத்துட்டு நல்லது ஒண்ணு வைப்பேன். முன்னாடி இருக்குற பிளாஸ்டிக்கைக் கழட்டிருவேன், அது பாதியை முழுங்கிரும். அப்புறம் இந்தக் கறுப்பு வில்லை. ஆமா, கறுப்புதான். டார்ச்சுக்கு வாய்ப்பூட்டு போட்டுட்டியாம்மான்னு எம்மக சிரிப்பா. மிச்சம் மீதி ஒழுகுற ஊதாவை இது குடிச்சுரும்.

நானேதான், வேற யாரு? ரேடியோ கம்பெனியில ஈயம் பத்த வெச்சே தலை நரைச்சவ தம்பி நான். கம்பெனியை மூடுனாங்க, கை சும்மா இருக்க மாட்டேங்குது. பொழுதுபோக்காத்தான் ஆரம்பிச்சேன். மொத டார்ச்சு செஞ்ச அன்னிக்கு வீட்டையே புரட்டிட்டோம், நானும் எங்க வீட்டுக்காரரும். சோப்புத்தூள் டப்பா எரியுது, பேப்பரு எரியுது, அவரு சட்டை எரியுது. நான் சிரிச்சேன். உடனே மனுசன் கத்துறாரு, அடியே, எல்லாப் பல்லும் எரியுது, நீ கட்டின அந்த ஒரு பல்லு மட்டும் இருட்டா கிடக்கு, போய்ப் பல்லு டாக்டரைக் கேளுன்னு. அப்போ எல்லாம் நல்லாத்தான் இருந்தாரு.

அப்புறம்தான் மறதி வந்துச்சு. சாவியை மறந்தாரு, சரி. எம்மக பேரை மறந்தாரு, அதுவும் சரி. வீடு எதுன்னே மறந்தா என்ன பண்றது? பொழுது சாஞ்சா போதும், வேலைக்கு நேரமாச்சுன்னு கிளம்பிருவாரு. ரயிலு புக்கிங்குல உக்காந்த மனுசன். வெள்ளைச் சட்டை போடாம வாசப்படி தாண்டமாட்டாரு, அந்த ஒண்ணு மட்டும் மறக்கல. எம்மக, கையில கட்டுற மாதிரி ஒண்ணு வாங்கிக் குடுத்தா, எங்க இருக்காருன்னு போன்ல காட்டுமாம். ஒட்டின அட்டைப்பூச்சியைப் பிச்சுப் போடுற மாதிரி பிச்சு எறிஞ்சுட்டாரு. சட்டையை மட்டும் கழட்டமாட்டாரு. அதைப் புடிச்சுக்கிட்டேன்.

சட்டையை எல்லாம், வெள்ளையைப் பளிச்சுன்னு காட்டுற மருந்து கலந்த சோப்புத்தூள்ல ரெண்டு தரம் ஊற வெச்சுத் தோச்சேன். தேடப் போறப்ப இந்த டார்ச்சு. சாதா டார்ச்சு அடிச்சா என்ன ஆகும்? சுவரு தெரியும், செடி தெரியும், நாய் தெரியும். எல்லாமே தெரிஞ்சா எதைன்னு தேடுவீங்க? இதை அடிச்சா ஊரே கறுப்பா கிடக்கும், அவரு சட்டை மட்டும் நீலமா எரியும். ஒரு தரம் கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னாடி, சாக்கு அடுக்குக்கு நடுவுல உக்காந்திருக்காரு. ரயில்வே ஆளுங்க ரெண்டு தரம் தாண்டிப் போயிருக்காங்க. நான் அடிச்சேன், அடுப்புக் கணக்கா எரியுறாரு. என்னைப் பாத்துட்டு, எப்படிங்க கண்டுபுடிச்சீங்க, நல்லாத்தானே ஒளிஞ்சிருந்தேன்னு கேட்டாரு. என்னைத்தான் தம்பி, ங்க போட்டு. நான் யாருன்னு தெரியல அவருக்கு. இருந்தாலும் எழுந்து கூடவே வந்தாரு.

சரி, விடுங்க. உங்க கைக்குட்டையைக் குடுங்க. இப்ப அடிங்க. பாத்தீங்களா! எப்படி எரியுது! வீட்டுல நல்ல தூளாத்தான் போடுறாங்க. தரையில அடிங்க. அந்தத் துளி எல்லாம் சோப்பு. சுவத்துல ஒண்ணும் தெரியாது, சுண்ணாம்புச் சுவரு.

எது? ஆணியிலயா? துணிதான் தம்பி. ஆமா, சட்டை. எரியாது. நல்லா கிட்டப் போய் அடிங்க, பரவாயில்ல. ம்.

நானும் மொதல்ல டார்ச்சுதான் போச்சுன்னு நெனச்சேன். பேட்டரி மாத்தினேன். வில்லையைக் கழட்டித் தொடச்சேன். புது எல்.இ.டி. வெச்சுப் பாத்தேன். அப்புறம் என் முந்தானையில அடிச்சா குபுகுபுன்னு எரியுது. டார்ச்சு மேல தப்பில்ல. உங்க கைக்குட்டையே சாட்சி.

அது அவரு சட்டைதான். ஒரே வாளியில, ஒரே நாள்ல தோச்ச ரெண்டு சட்டை. ஒண்ணைப் போட்டுக்கிட்டு அவரு போனாரு, கோடைக்கு முன்னாடி. இன்னொண்ணு இது. தேடுனோம், போலீசும் வந்து தேடுச்சு. நாணல் காடு, தண்டவாளம், கல்லுக்குழி, ஒண்ணு விடல. அப்பதான் எனக்கு ஒரு பயம் வந்துச்சு. கொடியில வெயில்ல கிடந்த துணி கொஞ்சம் மங்கலா எரியுறதை எப்பவோ பாத்திருக்கேன். கவனிச்சுருக்கேன், யோசிக்கல. இருட்டு ரூம்புல வெச்சே எல்லாத்தையும் சோதிச்சவ நான், வெயில்ல வெச்சு ஒரு நாளும் சோதிக்கல. அந்தத் தூள்ல இருக்குற மருந்தை வெயிலு தின்னுருமாமே.

அதனால இதைக் கொண்டுபோய் மொட்டை மாடியில போட்டேன். அவரு மேல படுற வெயிலு இது மேலயும் படட்டும், அவரு மேல பெய்யுற மழை இது மேலயும் பெய்யட்டும்னு. தெனம் எடுத்தாந்து இங்க மாட்டி அடிச்சுப் பாப்பேன். எந்த அளவு வெளிச்சத்தைத் தேடணும்னு தெரியணும்ல? மொதல்ல நீலமா இருந்துச்சு. அப்புறம் சாம்பலு பூத்த மாதிரி. அப்புறம் கிட்ட வந்தா மட்டும். எம்மக சொன்னா, அம்மா, இப்ப நீ தேடுறது அப்பாவை இல்ல, இந்த நிறத்தைன்னு. திட்டிட்டேன் அவளை.

இன்னிக்குக் காலையில அடிச்சேன். சட்டை எது, சுவரு எதுன்னு தெரியல. கையால தடவித்தான் ஆணியைக் கண்டுபுடிச்சேன்.

அதனாலதான் போன் பண்ணி, வேணும்னா வந்து எடுத்துக்கோங்கன்னு உங்ககிட்டச் சொன்னது. இருக்குறதுலயே இதான் நல்ல டார்ச்சு. இனிமே இதை வெச்சு நான் எங்க போய் நிக்கிறது?

என்ன சொன்னீங்க? திரும்பத் தோச்சாலா? வரும் தம்பி. ஒரு வாளி தண்ணி, ஒரு கை தூளு, ராவுக்குள்ள பழையபடி எரியும். இதைத் தோச்சுரலாம். இது இங்கதானே இருக்கு.