எழுதாத கடிதங்களுக்கு நாற்பத்தொரு நன்றி

பெயரும் வீட்டு முகவரியும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு வயது நாற்பத்துமூன்று. ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாகக் கணினிப் பொறுப்பாளராக வேலை செய்கிறேன். அங்குள்ள பதினான்கு கணினிகளும், எங்கள் மின்னஞ்சல்கள் வந்து போவதற்காக மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கும் சர்வர் ஒன்றும் என் பொறுப்பு. ஒன்பதாம் தேதி இதே காவல் நிலையத்தில் வாயால் சொன்னதை முறையாகப் பதிவு செய்ய இன்று நானாகவே வந்திருக்கிறேன்.

எங்கள் டாக்டர்தான் கூடத்தின் உரிமையாளர். வந்த கடிதம் எதுவானாலும் அன்றைக்கே பதில் போக வேண்டும் என்பவர். அந்த வேலையைச் செய்துவந்தவர் எங்கள் தட்டச்சர். வயது ஐம்பத்தேழு, இன்னும் நான்கு மாதத்தில் ஓய்வு. கண்ட இடத்திலெல்லாம் கமா போடுவார் என்பதால் அலுவலகத்தில் அவருக்குக் கமா அக்கா என்று பெயர். 'தங்கள் கடிதம், கிடைத்தது, மிக்க நன்றி' என்று எழுதி, வந்த கடிதத்தை அடியில் அப்படியே ஒட்டி, தன் பெயரையும் கைப்பேசி எண்ணையும் போட்டு அனுப்புவார். சென்ற மாதம் அவருடைய வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டும் தட்டச்சு செய்தார். பார்க்கப் பொறுக்காமல், அந்த நன்றியை அவர் பெயரிலேயே சர்வர் தானாக அனுப்பும்படி நான் மாற்றினேன். "நீ நல்லா இருப்பே தங்கச்சி" என்றார்.

குப்பைக் கடிதங்களைப் பிரித்து ஒதுக்கும் வடிகட்டி ஒன்று சர்வரில் உண்டு. நல்ல கடிதம் ஏதாவது தவறிப்போய்க் குப்பையில் விழுந்தால் அதற்கு நன்றி போகாதே என்று டாக்டர் கவலைப்பட்டார். அதனால் வடிகட்டிக்கு முன்பாகவே நன்றி போகும்படி வைத்தேன். அதாவது வந்தவர் யார், எவர் என்று பார்க்காமல் வாசலிலேயே எல்லாருக்கும் கும்பிடு. அதில் உள்ள வில்லங்கம் அன்று என் புத்திக்கு எட்டவில்லை.

அதன் பிறகு இம்மாதம் நான்காம் தேதி காலை பத்து மணிக்கு, ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பிய அறிக்கைகள் பதினேழும் திரும்பி வந்தன. எங்கள் சர்வரின் எண், குப்பைக் கடிதம் அனுப்புவோரின் கறுப்புப் பட்டியலில் இருக்கிறது, ஆகவே எதையும் வாங்க மாட்டோம் என்று பதில். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதினான்கு கணினிகளையும் துழாவினேன். வைரஸ் எதுவும் இல்லை. காரணம் தெரியாமலே, சரிசெய்துவிட்டோம் என்று பட்டியல்காரர்களுக்கு எழுதினேன். எண்ணை நீக்கினார்கள். ஆறாம் தேதி மறுபடி ஏறியது. அதே பொய்யை மறுபடி எழுதினேன். எட்டாம் தேதி மூன்றாவது முறையும் ஏறியது. அந்த நாட்களில் அறிக்கைகளை அச்சிட்டு ஆளுக்கொரு திசையாக எடுத்துக்கொண்டு நடந்தோம். கமா அக்காவும் கட்டுப் போட்ட கையோடு நடந்தார்.

அதன் பிறகு ஒன்பதாம் தேதி காலை காவலர்கள் இருவர் வந்து கமா அக்காவை விசாரணைக்கு அழைத்தார்கள். துணைக்கு நானும் வந்தேன். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் புகார் கொடுத்திருந்தார். அவருக்கு மூன்று வாரத்தில் நாற்பத்தொரு நன்றிக் கடிதங்கள் வந்திருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் பரிசு விழுந்திருக்கிறது, இங்கே அழுத்துங்கள் என்ற மோசடி இணைப்பு. அதற்குக் கீழே கமா அக்காவின் பெயரும் எண்ணும். வழக்குப் பதிந்தால் மோசடிக் குற்றத்தில் முதல் பெயர் அவருடையதுதான் என்று ஆய்வாளர் சொன்னார்.

இதையெல்லாம் அனுப்பியது யார் என்று ஆய்வாளர் கேட்டார். கமா அக்கா, "எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் நன்றி சொல்றது நான்தான் சார்" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஓட்டுநர் நாற்பத்தொன்றையும் மேலே உள்ள நேரக் குறிப்புகளோடு அச்சிட்டு, தேதி வாரியாக அடுக்கி, பிளாஸ்டிக் உறையில் கொண்டுவந்திருந்தார். அதைப் புரட்டியபோதுதான் பார்த்தேன். கடிதம் வந்த நேரத்துக்கும் நன்றி போன நேரத்துக்கும் இடையே இரண்டே நொடி. கமா அக்காவுக்கு ஒரு நன்றி எழுத நான்கு நிமிடமாகும். கமாக்களுக்கே ஒரு நிமிடம் போய்விடும்.

மோசடிக்காரர்கள் ஓட்டுநரின் முகவரியைத் திருடி, அவர் அனுப்பியதுபோல் எங்களுக்குக் குப்பையை அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் சர்வர் அந்தக் குப்பையையும் சேர்த்து ஒட்டி, ஒன்றும் அறியாத அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறது. இப்படி எத்தனையோ பேருக்குப் போயிருக்கிறது. குப்பை அனுப்புவோரைப் பிடிப்பதற்கென்றே பட்டியல்காரர்கள் வைத்திருக்கும் பொறி முகவரிகளுக்கும் போயிருக்கிறது. நாங்கள் மாட்டியது அதில்தான்.

விஷயம் புரிந்ததும் உடனே சொன்னீர்களா என்று இப்போது ஆய்வாளர் கேட்கிறார். இல்லை. வேலை போய்விடும் என்று பயமாக இருந்தது. சுவர்க்கடிகாரப்படி ஆறு நிமிடம் சும்மா இருந்தேன். அந்த ஆறு நிமிடத்தில் கமா அக்காவுக்கு ஒரு காவலர் தண்ணீர் கொடுத்தார். அதை அவர் முதலில் என்னிடம் நீட்டி, "குடி, மொகமே சரியில்ல" என்றார். அதன் பிறகு எழுந்து, செய்தது நான்தான் என்று சொன்னேன்.

ஓட்டுநர் என்னைத் திட்டவில்லை. "மொதக் கடிதம் வந்தப்ப சந்தோஷமாத்தான் இருந்துச்சும்மா. முப்பத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டினேன், எறங்கும்போது எத்தன பேரு நன்றி சொல்லியிருப்பாங்க? நாப்பத்தொண்ணு வந்தப்பதான் சந்தேகம்" என்றார். பிறகு ஆய்வாளரிடம், "அந்தம்மாவ வீட்டுக்கு அனுப்பிடுங்க சார்" என்று கேட்டுக்கொண்டார். மாலைக்குள் அனுப்பிவிட்டார்கள்.

அன்றே காவலர் ஒருவர் முன்னிலையில் தானியங்கி நன்றியை நிறுத்தினேன். பட்டியலில் ஏறியதால் போக முடியாமல் சர்வரில் தேங்கிக் கிடந்த இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு நன்றிகளை அழித்தேன். பட்டியல்காரர்களுக்கு இந்த முறை உண்மையை எழுதினேன். பதினோராம் தேதி எங்கள் எண்ணை நீக்கினார்கள், இன்றுவரை ஏறவில்லை. டாக்டர் என்னை வேலையில் வைத்துக்கொண்டார். கமா அக்காவின் மணிக்கட்டு குணமாகும்வரை பதில்களை நான் என் பெயரில், ஒவ்வொன்றாகப் படித்து எழுதுகிறேன்.

அப்படி நான் எழுதிய முதல் நன்றி ஓட்டுநருக்கு. அது திரும்பி வந்துவிட்டது. எங்கள் முகவரியிலிருந்து எது வந்தாலும் வாங்காதபடி அவர் அடைத்து வைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல வழியில்லை. அவர் பாட்டுக்கு அழித்துவிட்டுப் போயிருந்தால் நாங்கள் இன்னும் பட்டியலில்தான் கிடந்திருப்போம். இந்த வாக்குமூலத்தின் நகல் புகார்தாரருக்குக் கிடைக்கும் என்று ஆய்வாளர் சொல்கிறார். ஆகவே இதை இங்கேயே எழுதிக்கொள்ளக் கேட்டேன். வழக்குக்குச் சம்பந்தமில்லை என்றார், ஆனாலும் எழுதிக்கொண்டார்: ஐயா, தங்கள் புகார், கிடைத்தது, மிக்க நன்றி.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. எவருடைய நிர்ப்பந்தமும் இன்றி நான் சொன்ன இவை அனைத்தும் உண்மை. கடைசி வரியின் கமாக்கள் உட்பட.

(ஒப்பம்)
கணினிப் பொறுப்பாளர்