ஏழாம் கேள்விக்கு மாப்பிள்ளை சொன்ன பதில்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஐயா. உங்கள் மேசை விசிறி கடகடவென்று ஆடுகிறது. ஏதாவது திருகு தளர்ந்திருக்கும். திருப்புளி இருந்தால் கொடுங்கள், பேசிக்கொண்டே பார்த்துவிடுகிறேன்.

நான் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புகிறவன். கஷ்டம் வந்தால் ஆண்கள் என்ன செய்கிறார்கள், பெண்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் எங்கள் ஆய்வு. அதில் ஏழாம் கேள்விதான் உயிர்: ‘சென்ற ஆண்டில் உங்களை உலுக்கிய நிகழ்ச்சி எது? அப்போது என்ன செய்தீர்கள்?’ பெண்களிடம் கேட்டால் தாள் போதாது. அழுதேன், அக்காவுக்குப் போன் போட்டேன், பக்கத்து வீட்டில் புலம்பினேன், அவளும் சேர்ந்து அழுதாள் என்று போய்க்கொண்டே இருக்கும். ஆண்களுக்கு ஒரே பதில்: ‘ஒண்ணுமில்ல.’ வேலை போனவருக்கும் ஒண்ணுமில்ல, கூடப்பிறந்தவனைப் பறிகொடுத்தவருக்கும் ஒண்ணுமில்ல. சொல்லிவிட்டு எழுந்துபோய் எதையாவது கழற்றுவார்கள்.

ஒருநாள் மேலாளர் அம்மா படிவக் கட்டை என் முன்னால் போட்டார்.

“ஆம்பளைங்க பக்கம் பூரா மொட்டையா இருக்கே. அவங்களுக்குக் கஷ்டமே வரலையா, இல்ல நீங்க வீட்டுக்கே போகலையா?”

இருபது வருடத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தேன். தப்பு ஆண்கள்மேல் இல்லை, அவர்களுக்கு வந்த கஷ்டம் போதவில்லை. உப்பு குறைந்தால் போடுவதில்லையா?

சிறிதாகத்தான் தொடங்கினேன். ஒரு தையல்காரரிடம், அவர் கடை இருக்கும் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்றேன். “சரி” என்றவர் தையல் மெஷினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துத் துடைத்தார். ஓர் ஓட்டுநருக்கு, அவருடைய லைசென்ஸ் ரத்தாகிவிட்டது என்று கடிதம் போட்டேன். அவர் வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். இரண்டு பேர் படிவத்திலும் ஒண்ணுமில்ல.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று என் தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை தங்கமான மனிதர். தங்கை போனை மறந்து வைத்துவிட்டுத் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் போன பஸ் கவிழ்ந்துவிட்டது, அவள் இனி இல்லை என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். பக்குவமாகத்தான் சொன்னேன். பிறகு பேனாவைத் திறந்தேன்.

அவர் தங்கையின் போனை எடுத்து மேசைமேல் நேராக வைத்தார்.

“என்ன தோணுது மாப்பிள்ளை?”

“ஒண்ணுமில்ல மச்சான். மொட்டை மாடியில தண்ணித் தொட்டி ஒழுகுது. அவ சொல்லிக்கிட்டே இருந்தா. பாத்துட்டு வந்துடறேன்.”

ஸ்பானரை எடுத்துக்கொண்டு நான்கு மாடி ஏறினார். தடுத்திருக்கலாமே என்கிறீர்கள். ஒருவர் பதில் சொல்லும்போது குறுக்கிடக் கூடாது என்பது எங்கள் விதி, ஐயா. தவறி விழுந்தாரா, தானாக விழுந்தாரா என்று எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. பிறகு மேலே போய்ப் பார்த்தேன். தொட்டி ஒழுகவில்லை.

சாயங்காலம் தங்கை சிரித்துக்கொண்டே வந்தாள், கூட்டத்தைப் பார்க்கும்வரை. “அண்ணா, அவர்கிட்ட என்ன சொன்ன? என்ன சொன்ன?” என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான்கு பக்கம் எழுதினேன். பெண்கள் பக்கத்தில் அதைவிட முழுமையான பதில் கிடையாது.

நான்தான் செய்தேன், இன்ஸ்பெக்டர் ஐயா, மறைக்கவில்லை. “அதுக்கப்புறம் உனக்கு என்னய்யா தோணுச்சு?” என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். நான் மற்ற ஆண்களைப் போல இல்லை, எதையும் விவரமாகச் சொல்லக்கூடியவன். ஒண்ணுமில்ல.

விசிறியைப் பிரித்துக் கடைசித் திருகுவரை வரிசையாக வைத்துவிட்டேன். ஆனாலும் மேசை இன்னும் கடகடவென்று ஆடுகிறது, ஐயா. என் கை படுகிற இடத்தில்தான் அதிகம். இதைவிடப் பெரிய திருப்புளி இருக்கிறதா?